பால் பைத்தான் ஜோடி 60,000 ரூபாய்: அந்த விலை எதற்கு?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரகர் ஒருவர் அவருக்கு பால் பைத்தான் (பந்து போலச் சுருண்டுகொள்ளும் வெளிநாட்டு மலைப்பாம்பு) ஜோடி தருவதாகச் சொல்கிறார். ஆண், வெள்ளைத் திட்டுகள் உள்ள பைட், 35,000 ரூபாய். பெண் பார்க்கச் சாதாரண நிறம், ஆனால் ‘66 சதவீதம் ஹெட் பைட்’ (பைட் மரபணு உள்ளே மறைந்திருக்கலாம் என்று அர்த்தம், கணக்கைப் பின்னால் சொல்கிறேன்), 25,000 ரூபாய். பெண்ணின் எடை இப்போது 300 கிராம். ஒரே வருடத்தில் எட்டுக் குட்டி, குட்டி 35,000 வீதம் 2,80,000 ரூபாய் என்பது தரகர் கணக்கு. பதிவுக் காகிதம் ‘பிறகு வரும்’. ஐயா காலத்து வீட்டில் இரண்டாங்கட்டு அறை ஒன்று சும்மா கிடக்கிறதாம், அங்கே வைத்துப் பெருக்கலாமா, விலை நியாயமா என்கிறார். கூடவே, வயலில் மண்ணுளிப் பாம்பு கிடைத்தால் எடை போட்டு விலையில் கழித்துக்கொள்வதாகவும் தரகர் சொன்னாராம்.

தம்பி, வாங்க வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன். முதல் காரணம் காகிதம், அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மற்றவை விலையும் மரபுக் கணக்கும், அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

பால் பைத்தானின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி வந்தது. காட்டுயிர்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ள இனம் இது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, சைட்டஸ் பட்டியல் இனங்கள் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. அவற்றை உயிரோடு வைத்திருப்பவர் தெரிவிக்க வேண்டும் என்பது 49எம் பிரிவு. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. இப்போது கைக்கு வந்த 30 நாளுக்குள் பதிய வேண்டும். கைமாறினாலும், குட்டி பொரித்தாலும், செத்தாலும் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே காகிதம் ‘பிறகு’ வருவதில்லை. விற்பவர் பெயரில் இன்றைக்கே பதிவு இருந்தால்தான் உங்கள் பெயருக்கு மாறும். பதிவில்லாத பாம்பு எந்த வழியில் வந்திருக்கும் என்பதற்கு நம் பக்கத்து விமான நிலையமே சாட்சி. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பையில் 47 மலைப்பாம்புகளையும் 2 பல்லிகளையும் சுங்கத்துறை பிடித்தது. அப்படிப் பெட்டிக்குள் அடைபட்டு வரும் பாம்புக்கு நீர்ச்சத்துக் குறைவு, உண்ணி, நுரையீரல் தொற்று எதுவும் வரலாம். சட்டச் சிக்கல் ஒருபுறமிருக்க, நீங்கள் வாங்குவது நோயாளியாகவும் இருக்கக்கூடும்.

இனி விலை. சாதாரண நிற பால் பைத்தானும் பைட் பால் பைத்தானும் ஒரே இனம்தான். ஒரே எலியைத் தின்கின்றன, ஒரே சூடு கேட்கின்றன, வளர்க்க ஆகும் செலவும் ஒன்றே. விலை மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது. அந்த அதிகப்படிப் பணம், இந்த மரபணு இன்னும் பலரிடம் இல்லை என்பதற்காகக் கொடுப்பது. பெருக்கத் தெரிந்த ஒருவருக்கு விற்கும் ஒவ்வொரு பாம்பும் அந்த ‘இல்லை’யைக் குறைத்துக்கொண்டே போகும். இந்த வியாபாரத்தில் விலை ஏன் எப்போதும் கீழ்நோக்கியே போகிறது என்பதற்கு இதுதான் விடை.

எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை மரபணுவின் குணம் தீர்மானிக்கிறது. மார்ஃப்களை, அதாவது மரபணு மாறுதலால் வரும் நிற வகைகளை, பொதுவாக இரண்டு வகையாகப் பார்க்கலாம். எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு நகலாக வரும். பேஸ்டல், மொஹாவே, லெஸ்ஸர் போன்றவற்றில் ஒரு நகல் இருந்தாலே நிறம் தெரியும். இரண்டு நகல் சேர்ந்தால் ‘சூப்பர்’ என்ற வேறு உருவம் வரும். மொஹாவேயையும் மொஹாவேயையும் இணைத்தால் நாலில் ஒரு பங்கு நீலக்கண் வெள்ளைப் பாம்பு வருவது இந்தக் கணக்கில்தான். அல்பினோ, பைட், க்ளவுன் மறு வகை. இரண்டு நகலும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒரு நகல் மட்டும் இருந்தால் பாம்பு சாதாரணமாகவே இருக்கும், அதைத்தான் ‘ஹெட்’ என்கிறார்கள்.

பேஸ்டல் ஆண் ஒன்று ஒரு பருவத்தில் ஆறு பெண்ணோடு சேர்ந்தால், பெண்ணுக்கு ஆறு முட்டை வீதம் 36 குட்டி. பாதி, அதாவது 18, பேஸ்டல். அதில் ஒன்பது ஆண். ஆண் பாம்பு 600 அல்லது 700 கிராம் வந்ததும், ஏறக்குறைய ஒன்றரை வயதுக்குள், தயாராகிவிடும். அந்த ஒன்பதும் ஆறு ஆறு பெண்ணோடு சேர்ந்தால் இன்னும் 162 பேஸ்டல். 1997-இல் முதன்முதலாகப் பெருக்கிக் காட்டியபோது ஆயிரக்கணக்கான டாலருக்குப் போன பேஸ்டல், இன்று அமெரிக்காவில் மிக மலிவான மார்ஃப்களில் ஒன்று.

பைட் போன்றவை மெதுவாக இறங்கும். பைட் ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் எல்லாக் குட்டியும் ஹெட், ஒன்றுகூட வெள்ளை காட்டாது. அதில் ஒரு பெண் முட்டையிடத் தேவையான 1,500 கிராம் எட்ட மூன்று வருடம். அதற்குப் பிறகுதான் அடுத்த தலைமுறையில் பைட் வரும். ஆக நாலைந்து வருடம். இந்தத் தாமதம்தான் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனாலும் 1992-இல் அல்பினோவும் 1997-இல் பைட்டும் முதன்முதலாகக் கூண்டில் பொரித்தபோது இருந்த விலையும் இன்றைய விலையும் ஒப்பிடவே முடியாதவை. இரண்டும் இப்போது நூறு டாலர் கணக்கில்தான் பேசப்படுகின்றன.

பனானா என்ற மார்ஃப் இன்னொரு விதம். பால் பைத்தானில் பாலினம் மனிதரைப் போலவே எக்ஸ், ஒய் முறையில் அமைகிறது என்று 2017-இல் தெரிந்தது. பனானா மரபணு அந்தப் பாலினக் குரோமோசோம் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தகப்பனிடமிருந்து பெற்ற பனானா ஆணுக்குப் பிறக்கும் பனானாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆண். தாயிடமிருந்து பெற்ற ஆணுக்குப் பெரும்பாலும் பெண் பனானா. ஆண் ஒன்று பல பெண்ணுக்குப் போதும் என்பதால் பெருக்குபவர்கள் பெண்ணைத்தான் தேடுவார்கள். அதனால் ஒரே நிறம், ஒரே எடையுள்ள இரண்டு பனானா ஆண்களுக்குள் விலை வேறுபடும். இதை விசாரிக்காமல் பனானா வாங்குபவர் பாதி சரக்குக்கு முழு விலை கொடுக்கிறார்.

‘66 சதவீதம் ஹெட்’ என்பதற்கு வருவோம். பாம்பின் உடம்பில் 66 சதவீதம் எதுவும் இல்லை. ஹெட்டையும் ஹெட்டையும் இணைத்தால் நாலில் ஒன்று பைட், இரண்டு ஹெட், ஒன்று வெறும் சாதாரணம். பைட்டை எடுத்துவிட்டால் மீதி மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், அதில் இரண்டு ஹெட். மூன்றில் இரண்டு வாய்ப்பு என்பதைத்தான் 66 என்கிறார்கள். ஹெட்டைச் சாதாரணத்தோடு இணைத்து வந்தால் ‘50 சதவீதம்’. பெற்றோரில் ஒன்று பைட்டாகவே இருந்தால்தான் ‘100 சதவீதம் ஹெட்’.

விலை வைப்பதும் இதே விகிதத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் பெண் 10,000 என்றும் உறுதியான ஹெட் பெண் 16,000 என்றும் வைத்துக்கொண்டால், மரபணுவுக்கான அதிகப்படி 6,000. அதில் மூன்றில் இரண்டு 4,000. ஆக 66 சதவீத ஹெட்டுக்கு 14,000-க்கு மேல் கொடுப்பது வீண். அதிலும் நான் இன்னும் குறைப்பேன், ஏனென்றால் ஹெட்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள மூன்று வருடம் வளர்த்து முட்டையிட வைக்க வேண்டும். அமெரிக்காவில் உரித்த சட்டையை அனுப்பினாலே ஹெட் உண்டா என்று மரபணுச் சோதனை செய்து சொல்லும் ஆய்வகங்கள் வந்துவிட்டன. அதன் பிறகு அங்கே ‘இருக்கலாம்’ என்று சொல்லி விற்பதற்கு மதிப்புக் குறைந்துவிட்டது. சோதிக்க வழியில்லாத இடத்தில்தான் அந்தச் சரக்கு தள்ளிவிடப்படும்.

வளர்த்தே சோதிப்பதாக இருந்தால், பைட்டோடு இணைத்து ஆறு நல்ல குட்டி வந்து ஒன்றுகூட பைட் இல்லையென்றால், அந்தப் பெண் ஹெட்டாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான். அத்தோடு அந்தப் பெண்ணைச் சாதாரணம் என்றே எழுதி வைக்கலாம். ஹெட்டையும் ஹெட்டையும் இணைப்பவர்களுக்கும் இதே பாடம் உண்டு. ஆறு முட்டையில் ஒரு பைட்கூட வராமல் போக வாய்ப்பு 18 சதவீதம். பைட் போல இரண்டு நகல் சேர்ந்தால்தான் தெரியும் ஒடுங்கு மரபணு இரண்டை ஒன்றாகத் துரத்தி, இரண்டுக்கும் ஹெட்டான (இரட்டை ஹெட்) ஜோடி சேர்த்தால், எதிர்பார்க்கும் குட்டி பதினாறில் ஒன்று. ஆறு முட்டையில் ஒன்றும் வராமல் போகும் வாய்ப்பு 68 சதவீதம். மூன்று மரபணு என்றால் 91 சதவீதம்.

இப்போது தரகர் கணக்குக்கு ஐந்தொகை போடுவோம். 300 கிராம் பெண் 1,500 கிராம் ஆக இன்னும் இரண்டு முதல் இரண்டரை வருடம். சீக்கிரம் ஆகட்டும் என்று திணித்து ஊட்டினால் கொழுப்பு ஏறும், முட்டை அடைத்துக்கொள்ளும். முதல் ஈட்டில் நாலைந்து முட்டை வந்தால் நல்லது, எட்டு என்பது பெரிய, அனுபவப்பட்ட பெண்ணுக்கு. ஐந்து முட்டையும் பொரித்தால், பெண் ஹெட்டாக இருக்க மூன்றில் இரண்டு, ஒவ்வொரு குட்டியும் பைட்டாக இருக்கப் பாதி. சராசரி பார்த்தால் 1.67 பைட். எட்டு இல்லை, இரண்டுகூட இல்லை. அந்த ஒன்றரைச் சொச்சத்தையும் இன்றைய 35,000-க்கு விற்க முடியாது, மூன்று வருடம் கழித்துள்ள விலைக்குத்தான் விற்க வேண்டும். அதற்குள் இதே தரகர் இதே பேச்சில் எத்தனை பேருக்கு ஜோடி கொடுத்திருப்பாரோ, அத்தனை பேரும் உங்களோடு சேர்ந்து குட்டி விற்கக் கிளம்புவார்கள். செலவுப் பக்கம்: முதல் வருடம் வாரம் ஒரு எலி, பிறகு பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒன்று என்று போட்டாலும் இரண்டு பாம்புக்கும் சேர்த்து 200 எலிக்கு மேல். கோடையில் ஏ.சி. ஓட்டும் மின்சாரம் தனி.

விலை விசாரிக்க மார்ஃப்மார்க்கெட் போன்ற வெளிநாட்டுத் தளங்களைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே எழுதியிருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பாம்பின் விலைதான் அதிக நாள் கண்ணில் படும். ஒரே மார்ஃப், ஒரே பாலினம், ஒத்த எடை என்று சலித்து, கீழ்க்கோடியிலிருந்து கால்பங்கு வரை உள்ள விலையைப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வியாபாரம் முடியும்.

நோயோடு பிறக்கும் மரபணுக்கள் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்பைடர் மார்ஃபின் தலை தானாக ஆடும். அமைதியாக இருக்கும்போது லேசான நடுக்கம்தான். எலியைக் காட்டியதும் கழுத்து திருகி, தாடை மேலே பார்க்க, தலை தலைகீழாகப் போய், கொத்து எலிக்குப் பக்கத்தில் விழும். மல்லாக்கப் போட்டால் நிமிரத் தடுமாறும். உட்காதின் அமைப்பே கோணலாக இருப்பதை 2022-இல் வெளியான ஆய்வு ஊடுகதிர்ப் படத்தோடு காட்டியது. நிறமும் ஆட்டமும் சேர்ந்தே வருகின்றன. எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் ஆட்டத்தை மட்டும் பிரித்து நீக்க முடியவில்லை. ஷாம்பெய்ன், வோமா இரண்டுக்கும் இதே குறை உண்டு. ‘மலிவாக வருகிறது, பார்க்க அழகு’ என்று இதை வாங்காதீர்கள், பெருக்கவே பெருக்காதீர்கள். பெயரில் ஸ்பைடர் இல்லாமலும் வரும்: பம்பிள்பீ என்பது பேஸ்டலும் ஸ்பைடரும், ஸ்பின்னர் என்பது பின்ஸ்ட்ரைப்பும் ஸ்பைடரும். கூட்டுப் பெயர் சொன்னால், உள்ளே என்னென்ன மரபணு என்று ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு மடிப்பு வருவது தெரிந்த விஷயம். சூப்பர் சின்னமனில் முதுகு மடிப்பும் வாத்து மூக்கும் வரலாம். டெசர்ட் மார்ஃபின் பெண்கள் முட்டையிடுவதிலேயே சிக்கல்படும். பெருக்கும் பேச்சோடு டெசர்ட் பெண்ணை விற்பவர் ஒன்று அறியாதவர், இல்லையென்றால் நேர்மையில்லாதவர்.

அறை விஷயம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த சுவரும் ஆத்தங்குடித் தரையும் மார்கழி, தையில் நல்லவை. இரவில் சூடு மெல்ல இறங்கும், இணை சேர அதுவே தூண்டுதல். கூண்டில் ஒரு மூலை 31–32 டிகிரி, மறுமூலை 26–27, ஈரப்பதம் 60 சதவீதம் வேண்டும். நம் ஊர் வறண்ட காற்றில் ஈரப்பதம் இறங்கினால் சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும், கண்மேல் மூடியும் கழலாது. உரித்த சட்டையை விரித்துக் கண் இருக்கும் இடத்தில் இரண்டு வட்டமும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

முட்டைதான் நம் ஊரில் பெரிய சோதனை. குளிர்காலத்தில் சேர்ந்த ஜோடி முட்டையிடுவது கோடையை ஒட்டி. முட்டைக்கு முந்தைய சட்டை உரித்து ஏறக்குறைய 30 நாளில் பெண் முட்டையிடும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாக இருக்கும். பிரிக்கப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம், எப்படிக் கிடந்ததோ அப்படியே எடுத்து, மேற்புறத்தில் பென்சிலால் குறி போட்டு வையுங்கள். உருட்டினால் கரு மூழ்கிச் சாகும். டார்ச் அடித்தால் நல்ல முட்டைக்குள் சிவப்பு நரம்பு படர்ந்திருக்கும். மஞ்சளாக, சின்னதாக, மெழுகு போல இருப்பது கரு இல்லாதது. டப்பாவில் வெர்மிகுலைட்டும் (ஈரம் தாங்கும் தாதுத் துகள்) தண்ணீரும் சம எடை கலந்து இரண்டு அங்குலம் பரப்ப வேண்டும், கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் சல்லடை வைத்து முட்டையை அதில் உட்கார்த்த வேண்டும், ஈரம் நேரே படக் கூடாது. மூடி வைத்து வாரம் ஒருமுறை திறந்து காற்று விட்டால் போதும். 31.5 டிகிரியில் 55 முதல் 60 நாள்.

தெர்மோஸ்டாட் சூட்டைக் கூட்டத்தான் தெரிந்தது, குறைக்கத் தெரியாது. இதை மறந்தவர்கள்தான் ஈட்டையே இழக்கிறார்கள். மே மாதம் வெளியே 39 டிகிரி, அறைக்குள் 35 என்றால், இன்குபேட்டர் அணைந்தே இருந்தாலும் உள்ளே 35-தான். அந்தச் சூடு சில நாள் நீடித்தால் முதுகு மடிந்த குட்டி, முட்டைக்குள்ளேயே செத்த குட்டி. அறையை ஏ.சி. போட்டு 27–28-இல் நிறுத்தி, அதற்குள் இன்குபேட்டரை வைத்து 31.5-க்குச் சூடேற்றுவதுதான் வழி. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே முட்டை குழிந்தால் ஈரம் போதவில்லை. ஏழாவது வாரத்தில் குழிவது இயல்பு. குட்டி ஓட்டைக் கீறித் தலை நீட்டிய பிறகு ஒன்றிரண்டு நாள் உள்ளேயே இருந்து மஞ்சள் கருவை உறிஞ்சும், இழுத்து வெளியே எடுக்காதீர்கள். முதல் சட்டை உரித்ததும் முதல் எலி. நாலைந்து தடவை தானாகத் தின்ற பிறகே விற்பது முறை. தின்னாத குட்டிக்கு எந்த மார்ஃபாக இருந்தாலும் விலை கிடையாது.

வருமானத்துக்காக இல்லாமல், பாம்பின் மேல் உள்ள ஆசையால் கேட்டிருந்தால், பதிவுள்ள ஒருவரிடமிருந்து முறையாகப் பெயர் மாற்றி, சாதாரண நிறத்தில் ஒரே ஒரு பாம்பு வளர்த்துப் பாருங்கள். எந்தப் பாம்பானாலும் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: பதிவுச் சான்றின் நகல், தேதியோடு எடைப் பட்டியல், கடைசியாகத் தின்ற ஐந்து இரை. கையில் எடுத்ததும் தாடைக்கு அடியிலும் கண் ஓரத்திலும் கருப்புப் புள்ளியாக உண்ணி ஊர்கிறதா என்று பாருங்கள், மூச்சில் சீட்டியடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதருகே வைத்துக் கேளுங்கள். விரலை முதுகெலும்பு நெடுகத் தடவினால் மடிப்பு தட்டுப்படும்.

கடைசியாக மண்ணுளி. ‘இருதலை மணியன்’ என்று பெயர் இருந்தாலும் அதற்குத் தலை ஒன்றுதான், வால் மொண்ணை. மருந்து, அதிர்ஷ்டம், கிலோவுக்கு இத்தனை லட்சம் என்பதெல்லாம் மோசடிக்காரர்கள் கட்டிவிட்டது. வாலையும் தலை போலக் காட்டச் சூடு வைத்துக் கண் போடுகிற கொடுமையும் நடக்கிறது. மார்ஃப் விலையிலாவது ஒரு மரபுக் கணக்கு உண்டு, இதில் அதுவும் கிடையாது. நம் நாட்டுப் பாம்பான அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பிடித்தவர் என்று வழக்கில் உங்கள் பெயர்தான் வரும், தரகர் பெயர் வராது. இந்தப் பேச்சு ஒன்று போதும் அவர் யாரென்று தெரிய, முன்பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வயலில் மண்ணுளியைக் கண்டால் வரப்போரம் விட்டுவிடுங்கள், எலியைத் தின்றுகொண்டு அங்கேயே இருக்கும்.